கை படாத தலை

பல்லாவரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே வசிக்கும் கிறிஸ்தவர்களில், கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லாமல் இருந்தும் தலையில் ஒரு கைகூடப் படாமல் தப்பித்து வாழும் ஒரே ஆண்மகன் தான்தான் என்று எபி அறிவித்திருந்தான். இதை அவன் வேடிக்கையாகச் சொல்வதில்லை. சிறை சென்று வந்த தியாகியைப் போலக் கண்களைச் சற்றே தாழ்த்தி, குரலில் அடக்கத்தோடு சொல்வான்.

இதில் என்ன சாதனை என்று சபைக்குப் போகாதவர்கள் கேட்கலாம். குழந்தையில்லாத தம்பதி ஒரு சபைக்குள் காலெடுத்து வைத்தால் அங்கே யாருடைய கையும் சும்மா இருக்காது. பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஜெபிப்பார். கன்வென்ஷன் கூட்டத்துக்குக் கீபோர்டு வாசிக்க வந்த பையன்கூடப் போகிற போக்கில் ஒரு கை வைத்துவிட்டுப் போவான். சபைச் சமையலைக் கவனிக்கும் ரத்தினபாய் ஆன்ட்டிக்குத் தலை போதாது. நேரே எபியின் மனைவி ஜெரூஷாவின் வயிற்றில்தான் வைப்பார். அதுவும் தாளிக்கும் வேலையைப் பாதியில் விட்டு வந்த கையோடு.

எபி இதற்கெல்லாம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். ராஜகீழ்ப்பாக்கத்தில் டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த அவர்களுடைய சபையில், மைக் செட் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். திருமுடிவாக்கத்தில் வால்வு செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் அவனுக்கு ஒயர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் சவுண்ட் மிக்ஸர் பின்னால் உட்கார்ந்திருப்பவனைத் தொட்டால் ஸ்பீக்கர் கீச்சிட்டுவிடும் என்று சபையே பயந்தது. அந்தப் பயத்தை அவன் அவ்வப்போது ஒரு கீச்சு விட்டுப் புதுப்பித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் நடித்துக் காட்டுவான். ஹால் நடுவே குக்கரை வைத்து, அதன் மூடிமேல் கையை அழுத்தி, கண்ணை இறுக்கிக்கொண்டு, "ஆண்டவரே, இந்த மகளை நோக்கிப் பாரும். இந்த மகனை நோக்கிப் பாரும். இந்தச் சூழ்நிலையை நோக்கிப் பாரும்" என்பான். பிறகு சாதாரணக் குரலில், "இவ்வளவு பார்க்கச் சொன்னா அவருக்கே கண்ணு வலிக்கும் ஜெரு" என்பான். ஆரம்ப வருடங்களில் ஜெரூஷா சோபாவில் விழுந்து சிரிப்பாள். சிரித்துச் சிரித்து விக்கல் வந்து தண்ணீர் கேட்பாள். எந்த நாளில் சிரிப்பதை நிறுத்தினாள் என்று அவனுக்குத் தெரியாது. அதைக் கவனித்திருக்க வேண்டும் என்று பிற்பாடு தோன்றியது.

குரோம்பேட்டையில், ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டியிருந்த கருத்தரிப்பு மருத்துவமனையில் இரண்டு முறை பார்த்தார்கள். இரண்டிலும் கரு நிற்கவில்லை. மூன்றாவது முறை நின்றது.

அந்தச் சில வாரங்கள் அஸ்தினாபுரத்து வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஜெரூஷா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே அதனோடு பேசுவாள். தான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பையன்கள் கணக்கில் செய்த அட்டூழியங்களைச் சொல்லுவாள். எபி வேலைக்குக் கிளம்பும்போது குனிந்து அவள் வயிற்றருகே ஒரு ஜோக் சொல்லிவிட்டுப் போவான். "சிரிச்சுதா?" என்று கேட்பான். "கை கால் முளைச்சப்புறம்தான் அப்பா ஜோக்குக்குச் சிரிப்பு வருமாம்" என்பாள் அவள். அப்பா என்ற சொல்லைக் கேட்டபின் பைக்கை ஸ்டார்ட் செய்ய அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

ஏழாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு தெரிய வேண்டும். டாக்டரம்மா திரையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஜெரூஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து, சில நாள் கழித்துப் போனபோது, இனிமேல் முயல வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அவளுடைய உடம்பு இன்னொன்றைத் தாங்காது. நல்ல விதமாகத்தான் சொன்னார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள் பல்லில்லாத வாயால் சிரித்தன.

திரும்பும் வழியில், குரோம்பேட்டை சிக்னலில் பைக் நின்றது. ஜெரூஷா அவன் முதுகில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது எபிக்கு. அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

"அந்தச் சுவர்ல இருக்கிறது பூரா வெள்ளைக்காரக் குழந்தைங்க, பார்த்தியா? நம்ம கலர்ல ஸ்டாக் இல்ல போல."

 சட்டை முதுகில் ஈரம் பரவியது. வெயிலுக்கு வேர்க்கிறது என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தான். சிக்னல் பச்சையானது.

அதன்பிறகு வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. எபி பேசவில்லை, அதனால் ஜெரூஷாவும் பேசவில்லை. 'அது' என்றுகூட அவன் சொல்லவில்லை.

அந்த வாரமே அவர்களுடைய கல்யாண நாள் வந்தது. வாரத்தில் யாருக்குக் கல்யாண நாள் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தம்பதியாக முன்னால் போய் நிற்க வேண்டும். பாஸ்டர் இருவர் தலையிலும் கை வைத்து, மைக்கில், சபை முழுக்கக் கேட்க ஜெபிப்பார். எபிக்கு ஒவ்வொரு வருடமும் அந்த ஞாயிறு பார்த்துக் காய்ச்சல் வரும். இல்லாவிட்டால் கம்பெனிக்கு ஜப்பான்காரர்கள் வருவார்கள். ஒருமுறை ஜப்பான்காரர்களுக்கே காய்ச்சல் வந்தது.

"இந்த வருஷம் விட்டுடலாமே ஜெரு" என்றான்.

"நான் போறேன். நீ வரணும்னா வா."

ஞாயிறன்று சபையின் படிக்கட்டு வரை போனான். ஒயரை வேறொரு பையனிடம் ஒப்படைத்திருந்தான். செருப்பைக் கழற்றிய ஜெரூஷா இரண்டு படி ஏறித் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்றான்.

எதிரே தசரதனின் டீக்கடை. பிந்தி வருகிறவர்கள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதற்காக, படிக்கட்டருகே ஒரு ஸ்பீக்கர் இருந்தது. எபியே மாட்டியது. சத்தம் சாலைக்கு இந்தப் பக்கம்வரை துல்லியமாக வரும்.

"இந்த வாரத்துல கல்யாண நாள் காண்கிற பிள்ளைகள் முன்னால வாங்க" என்றார் பாஸ்டர் ஏசுதாசன். "வாம்மா ஜெரூஷா. எபி எங்கம்மா?"

"கீழ இருக்காருங்கய்யா."

மாடியில் சிரிப்பு எழுந்தது. எபிக்கும் வழக்கம்போல் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

ஜெபம் தொடங்கியது. பாஸ்டருக்கு எதுவும் தெரியாது. மூன்றாவது முறை நின்றது தெரியாது, நின்றது போனதும் தெரியாது, டாக்டரம்மா சொன்னதும் தெரியாது. அவரிடம் சொல்லும் பொறுப்பை எபிதான் எடுத்துக்கொண்டிருந்தான். சொன்னால் ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வருவார், வந்தால் கை வைப்பார் என்று தள்ளிப்போட்டிருந்தான்.

"இந்த மகளுக்குக் கர்ப்பத்தின் கனியைத் தாரும் ஆண்டவரே. அடுத்த வருஷம் இதே நாள்ல இவங்க மூணு பேரா இங்க வந்து நிக்கணும்!"

ஆமென் என்று சபை முழங்கியது. அந்த முழக்கம் அடங்குவதற்குள் ஸ்பீக்கரில் ஜெரூஷாவின் குரல் வந்தது. வகுப்பில் பேசுகிற அதே நிதானமான குரல்.

"ஐயா, வேண்டாங்கய்யா."

"என்னம்மா?"

"பிள்ளைக்கு வேண்டாம். மூணு பேரா இருந்தோம். இப்ப இல்ல. இனிமே வராதுன்னு சொல்லிட்டாங்க. வேற ஜெபம் பண்ணுங்க."



"எதுக்கும்மா ஜெபிக்கணும்?" பாஸ்டரின் குரல் இறங்கிவிட்டது.

"தெரியலைங்கய்யா. அம்மாவாக்காம என்னை எதுக்கு வெச்சிருக்கார்னு கேளுங்க. எதுனா வேலை இருந்தா செய்யறேன்."

தசரதன் பால் ஆற்றுவதை நிறுத்தினார். "சார், உங்க வூட்டம்மா கொரலாட்டம் கீதே?"

"இல்லண்ணா" என்றான் எபி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதில் விழுந்தது. டம்ளரை வைத்துவிட்டுச் சாலையைக் கடந்தான். படிக்கட்டில் கால் வைத்தான். மேலே யாரோ பெண்கள் விசும்பும் சத்தம். காலை எடுத்துக்கொண்டான். ஆராதனை முடியும்வரை பைக் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். எபி சமையலறைக்குத் தப்பி, டீ போடும் சாக்கில் அங்கேயே நின்றான். பாஸ்டர் ஜெபிக்க வரவில்லை. "மன்னிச்சுக்கோம்மா. கேட்டுட்டு ஜெபம் பண்ணியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, டீக்குச் சர்க்கரை போதவில்லை என்றுகூடச் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார். எபிக்கு அவரைக் கிண்டல் செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது.

மருத்துவமனைக்கு ஜெரூஷா கடைசியாக ஒரு பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. தனியாகவே போனாள். போனவள் பகல் முழுக்க வரவில்லை. வந்தபோது முகம் வீங்கியிருந்தது. ஆனால் வேறு மாதிரி இருந்தாள்.

"சுபத்ரான்னு ஒரு பொண்ணு, எபி. சேலையூர். பக்கத்துச் சீட்ல உட்கார்ந்திருந்தா. நெகட்டிவ்னு சொல்லிட்டாங்க. வூட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டறாராம், வர முடியலையாம். அவ அழலை. சிரிச்சுட்டே இருந்தா. சிரிச்சு சிரிச்சு மூச்சு முட்டிருச்சு. நான் கையைப் பிடிச்சுட்டேன். சாயங்காலம்வரைக்கும் விடலை அவ."

"என்ன பேசின?"

"ஒண்ணும் பேசலை. கடைசியில, எனக்காகச் சாமி கும்பிடுங்கக்கான்னா. கையைப் பிடிச்சுக்கிட்டே ஜெபம் பண்ணினேன். எதுவும் கேட்கலை. கூட இருங்கன்னு மட்டும் சொன்னேன்." ஜெரூஷா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "எனக்குப் பதில் வரலை எபி. வேலை வந்திருக்கு."

"அப்போ இத்தனை வருஷமும் அவர் நம்மளை ட்ரெயினிங்ல வெச்சிருந்தார்ங்கறியா?" கேட்டவனுக்கே குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. "அதுக்குத்தான் குடுத்துட்டுத் திரும்ப எடுத்தாரா?"

"அப்படிச் சொல்லலை. ஏன் எடுத்தார்னு எனக்குத் தெரியாது. செத்து மேல போனதும் மொதல்ல அதைத்தான் கேட்பேன்." அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். "அதுவரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க முடியலை. அவ்வளவுதான்."

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் மருத்துவமனைக்குப் போனாள். வரவேற்பில் இருந்த ஜோசலின் முதலில் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு, தனியாக வந்து நடுங்கும் பெண்களை ஜெரூஷாவின் பக்கத்து நாற்காலிக்கு அனுப்பத் தொடங்கினாள். ஜெரூஷா யாரிடமும் பைபிள் வசனம் பேசுவதில்லை. நீங்களும் ட்ரீட்மெண்ட் பார்க்கிறீங்களா என்று கேட்டால், பார்த்தோம், முடிஞ்சுபோச்சு என்பாள். அதைக் கேட்டதும் அந்தப் பெண்கள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொள்வார்கள். நடக்கும் என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருந்தது. நடக்காமல் போன பிறகும் ஒருத்தி புடவை கட்டி, பூ வைத்து, ஸ்கூட்டி ஓட்டி வருகிறாள் என்பதைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

"உலகத்துலயே டிஸ்சார்ஜ் ஆன ஆஸ்பத்திரிக்கு லீவு நாள்ல ட்யூட்டிக்குப் போற ஒரே பேஷண்ட் நீதான்" என்றான் எபி. "போகப்போக நீயும் தலையில கை வைக்க ஆரம்பிச்சுடுவ. நான் வீட்டுலயும் மிக்ஸர் வாங்கி வெச்சுக்கணும்."

அவள் புன்னகைத்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

சனிக்கிழமை போய் வந்ததும் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். வேலை வந்ததால் வலி போய்விடவில்லை. எபி ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டுவான். குழாய்ச் சத்தமும் டிவிச் சத்தமும் சேர்ந்த அந்த நேரத்தில்தான் அவனுக்கு ஒன்று உறைத்தது. அவள் துக்கத்துக்குள் இறங்கி நடந்து எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள். அந்த வழியில் அவளுக்கு முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் துணைக்கு வருகிறார்கள். புருஷன் மட்டும் டீக்கடையிலேயே நிற்கிறான். இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டால் கூப்பிட்டாலும் கேட்காது.

அன்று ஒரு சனிக்கிழமை, அவளுடைய ஸ்கூட்டி கிளம்ப மறுத்தது. எபி பைக்கில் கொண்டுபோய் விட்டான். சுபத்ரா இரண்டாம் முறை சிகிச்சை பார்த்திருந்தாள். அன்றுதான் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்.

"மேல வரியா?" என்று கேட்டாள் ஜெரூஷா.

"ஆம்பளைங்க வந்தா கூட்டமாயிடும். இங்கேயே நிக்கறேன்."

அவள் வற்புறுத்தவில்லை. படியேறிப் போனாள்.

மருத்துவமனையின் பக்கவாட்டுச் சந்தில் வண்டிகளுக்கு நடுவே ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. அதன் பின் இருக்கையில், படியில் கால் வைத்து ஒருவன் உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டைக்குள் புதுச் சட்டை போட்டிருந்தான்.

"நீங்க ஜெரூஷாக்கா வூட்டுக்காரர்தானே? நான் சம்பத்துண்ணா. சுபத்ரா வூட்டுக்காரன்."

"மேல போகலையா?"

"அக்கா கீறாங்கல்ல. அது போதும் அவளுக்கு." கையில் இருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "போன தபா வண்டிய வுட்டுட்டு வர முடியல. இந்த தபா வந்துட்டேன். வந்தும் இங்கியே குந்திகினு கீறேன் பாருங்க. நீங்க இன்னா, வெளியவா?"

"நான் பார்க்கிங்குக்குக் காவல்" என்றான் எபி.

சம்பத் சத்தமாகச் சிரித்தான். நல்ல ரசிகன். எபிக்குத் தெம்பு வந்தது. சுவரில் இருந்த குழந்தைகளைப் பற்றிச் சொன்னான், டோக்கன் கூப்பிடும் மிஷின் பெயர்களைக் கொலை செய்வதைச் சொன்னான். சம்பத் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"சொல்லு சுபா."

 கேட்டுக்கொண்டே இருந்தான். முகத்தில் சிரிப்பின் மிச்சம் அப்படியே இருந்தது, எடுக்க மறந்ததுபோல. "சரி, சரி. அழாத. தோ வரேன்" என்று வைத்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"நிக்கலண்ணா."

எபியின் வாயில் ஏதோ வந்தது. அது ஒரு ஜோக். நல்ல ஜோக்கும்கூட. அதை விழுங்கினான்.

"மேல போணும். போனா அவ மூஞ்சியப் பாக்கணுமே. இன்னான்னு சொல்லுவேன் அவகிட்ட?" சம்பத் தலையைக் குனிந்துகொண்டான். "தெனம் காலைல வண்டி எடுக்கறப்போ சொல்லிட்டு வருவேண்ணா, அவ வயித்துல கீறதுங்கிட்ட. அப்பா சவாரிக்குப் போறேன்டா, சமத்தா இருன்னு. ரெண்டு வாரம். யாராண்ட சொன்னாலும் சிரிப்பாங்க."

எபி சிரிக்கவில்லை. சந்தின் வாயில் வழியாக ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்கள் போவதைப் பார்த்தான். பார்வை எதிலும் நிற்கவில்லை.

"அக்கா எல்லாருக்கும் ஜெபம் பண்ணுவாங்கன்னு சுபா சொல்லும். நீங்களும் அந்தச் சாமிதானே? எதுனா சொல்லுங்கண்ணா. ரெண்டு வார்த்தை. எந்திரிச்சு மேல போறதுக்கு."

"எனக்கு வராது சம்பத்."

சம்பத் தலையாட்டினான். வராது என்பது அவனுக்குப் புரிந்தது. கேட்டதற்காகக் கூச்சப்பட்டவன்போல இன்னும் குனிந்தான். அவன் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சத்தமே இல்லை.

ஆட்டோ படியில் உட்கார்ந்திருந்தவனின் தலை, நின்றுகொண்டிருந்த எபியின் கைக்கு நேராக இருந்தது. கை போனது. போன பிறகுதான் எபி அதைப் பார்த்தான். காலையில் வாரிய முடி, எண்ணெயும் வேர்வையுமாக, அவன் உள்ளங்கைக்கடியில் சூடாக இருந்தது. ஒரு தலை இவ்வளவு நடுங்கும் என்று அவனுக்குத் தெரியாது. தன் தலையும் இத்தனை நாள் இப்படித்தான் இருந்திருக்கும் போல.

"ஆண்டவரே" என்றான். குரல் தன்னுடையது மாதிரி இல்லை.

 புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள்தான் இருந்தன.

"இவரை நோக்கிப் பாரும். மேல இருக்கிற சுபத்ராவை நோக்கிப் பாரும்." நிறுத்தினான்.  "ஜெரூஷாவை… எங்க பிள்ளைய… எங்க பிள்ளை உம்மகிட்டதான் இருக்கு. அதுக்கு ஜோக் பிடிக்கும். நோக்கிப் பாரும்."

 மூடிய கண்களிலிருந்து கண்ணீர் மோவாய்வரை இறங்கிச் சொட்டியது. பக்கத்தில் யாரோ பைக் எடுக்க வந்து, தயங்கி, சாவியோடு அப்படியே நின்றார்கள். எபி கையை எடுக்கவில்லை.